முத்திரை ஒருவர் கையில், சோதனை எல்லோர் கையில்



ஊர் விட்டு ஊர் சென்று பிழைக்கும் நம் போன்றோர்க்கு உணவுக்கும் உறையுளுக்கும் அடுத்தபடியாக வேண்டப்படுவது யாது? ‘நான் இன்னார்’ என்று மெய்ப்பிக்கும் அத்தாட்சியே. சொந்த ஊரில் தெருமுனைக் கடைக்காரர் நம்மை அறிவார். கோவில் குருக்கள் நம் பாட்டனாரையும் அறிவார். அயலூரிலோ ஒவ்வொரு வாயிலிலும் முதலிலிருந்து தொடங்கியாக வேண்டும். அவ்வாறு ஒரு வாயிலில் நாமும் நின்றதைக் கூறி, அதன் வழியே ஒரு கணினி விந்தையை விளக்குவதே இத்திங்கள் எம் நோக்கம்.

சில திங்களுக்கு முன் எம் பக்கத்து வீட்டு அம்மையார், தம் மகளை ஒரு தொழிற்சாலை வேலையில் சேர்த்து வரத் துணைக்கு வருமாறு எம்மை வேண்டினார். விசைத்தறி ஓசை ஓயாத தெரு எம்முடையது. அவர் கணவரும் தறி ஓட்டியவரே. கூலி போதாமல் குவைத்துக்குச் சென்று மூன்றாண்டுகள் ஆகின்றன. மகள் தொழிற்பயிற்சி முடித்தவள். மாலை ஐந்து மணிக்குள் பதிவு முடிந்தால்தான் விடுதியில் இடம் உண்டு. தவறினால் அவ்விடம் அடுத்தவருக்குச் செல்லும் என்று முன்னரே கூறியிருந்தனர்.

பதிவு மேசையில் இருந்த இளைஞர் ஆதார் எண்ணைத் தட்டினார்; பதிவு செய்த கைபேசிக்கு ஓ.டி.பி. எண் வரும், அதைச் சொல்லுங்கள் என்றார். அந்தக் கைபேசி எண் தந்தையாருடையது. அவர் கடல் கடந்தபின் பணம் கட்டுவாரின்றி அது செயலிழந்து போயிற்று. நிலைமையைச் சொன்னோம். “ஓ.டி.பி. இல்லாமல் ஒன்றும் செய்ய இயலாது” என்றார். அம்மையார் கண் கலங்கினார். அப்பெண்ணோ தன் பையை மடியில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்திருந்தாள். மணி நான்கரை.

அவ்வேளையில் உள்ளிருந்து வந்த மூத்த எழுத்தர் ஒருவர், “அட்டையைக் கொடும்மா” என்று வாங்கினார். அதில் அச்சிட்டிருந்த க்யூ.ஆர். கட்டத்தின் மீது தம் கைபேசியைப் பிடித்தார். பெயரும் பிறந்த நாளும் புகைப்படமும் திரையில் தோன்றின; முத்திரை சரி என்ற குறியும் தோன்றிற்று. படத்தையும் பெண்ணின் முகத்தையும் மாறி மாறி நோக்கினார். “சரி, எழுதிக்கொள்” என்றார். ஒரு நிமிடமும் ஆகவில்லை. அந்தக் கட்டடத்துக்குள் கைபேசிக்கு இணைப்பே கிடைக்கவில்லை என்பதை நாம் கவனித்தோம். தலைமைப் பதிவேட்டைக் கேளாமலேயே அது எவ்வாறு மெய்யை அறிந்தது?

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எமக்கு இது விளங்கவில்லை. பெங்களூரில் கணினி நிறுவனமொன்றில் பணிபுரியும் எம் மைத்துனன் தீபாவளிக்கு வந்தபோது கேட்டோம். அவன் சிரித்து, “மாமா, நான் இரவு பகலாகச் செய்யும் வேலையே இதுதான். இணையச் செயலிகளில் ஆள் யார் என்று விரைவாக அறிவதற்கு இதே வழியைத்தான் கையாளுகிறோம்” என்றான். அவன் கூறியதை எம் புகைவண்டித் தொழில் மொழியில் பெயர்த்துத் தருகிறோம்.

ஒருவரை அறிய மூன்று வழிகள் உள. முதல் வழி, ஒவ்வொரு முறையும் தலைமைப் பதிவேட்டைக் கேட்பது. இணையச் செயலியில் நீங்கள் கடவுச்சொல் கொடுத்து நுழைந்ததும் உமக்கு ஓர் எண் தரப்படும். அடுத்த பக்கத்தைத் திறக்கும்போது அவ்வெண்ணைக் காட்டுகிறீர்கள். செயலி தன் பதிவேட்டைப் புரட்டி, இவர் இன்னார் என்று காண்கிறது. அதற்கடுத்த பக்கத்துக்கும் அவ்வாறே. பயனர் நூறு பேர் எனில் தொல்லையில்லை. இலட்சம் பேர் ஒரே வேளையில் நுழைந்தால் எல்லாக் கேள்விகளும் ஒரே பதிவேட்டின் முன் வரிசை நிற்கும். ‘சர்வர் டவுன்’ என்று நாம் நாள்தோறும் கேட்கும் சொல்லுக்குக் காரணங்களுள் இதுவும் ஒன்று.

புகைவண்டித் துறை இவ்வாறு நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அரக்கோணம் – ரேணிகுண்டா பாதையில் ஏகாம்பரகுப்பத்தில் ஏறிய பயணியின் சீட்டு மெய்யா என்று, பரிசோதகர் ஒவ்வொரு முறையும் அந்நிலையத்துக்குத் தந்தி அடித்துக் கேட்டிருக்க வேண்டும். 1830களில் இங்கிலாந்தில் எட்மண்ட்சன் என்னும் நிலைய அதிகாரி வரிசை எண் அச்சிட்ட அட்டைச் சீட்டை வகுத்தார். எம் மூத்த ஊழியர்கள் கையாண்ட சிறிய தடித்த அட்டைகள் அவ்வழி வந்தவையே. சீட்டே தன்னைப் பற்றிப் பேசிற்று: எங்கிருந்து, எங்கு வரை, எந்த நாள், எந்த வகுப்பு. பரிசோதகர் அட்டையைப் பார்த்தார், யாரையும் கேட்கவில்லை.

கணினியாளர் இத்தகைய சீட்டை டோக்கன் என்று வழங்குகின்றனர். அச்சொல் எமக்கும் பழக்கமானது. ஒற்றைப் பாதைகளில் ஓட்டுநரிடம் ஒப்படைக்கப்பட்ட நீல்ஸ் பந்து டோக்கன் என்னும் எஃகுப் பந்தை மூத்த ஊழியர் நன்கறிவர். அப்பந்து கையில் இருந்தால் பாதை அவருடையது. இரு நிலையப் பொறிகளும் மின்னிணைப்பால் பிணைந்தமையால், ஒரு பந்து வெளியில் இருக்கையில் மற்றொன்று வெளிவராது. கணினி டோக்கனுக்கு அக்காப்பு இல்லை. அது எழுத்தும் எண்ணுமேயாதலின் யாரும் படியெடுக்கலாம். யாரும் புதிதாக எழுதியும் விடலாம். ஆகவே அதற்கு முத்திரை வேண்டும்.

இதிலிருந்து இரண்டாம் வழி பிறக்கிறது. வழங்குபவரும் சோதிப்பவரும் ஒரே இரகசியத்தைப் பகிர்ந்துகொள்வது அவ்வழி. வழங்குபவர் அந்த இரகசியச் சொல்லைச் சேர்த்துக் கணக்கிட்டு முத்திரையிடுவார். சோதிப்பவரும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, விடை ஒத்தால் ஏற்பார். கணக்கு மிக விரைவானது. ஓரிடத்தில் இயங்கும் சிறு செயலிக்கு இதுவே போதும் என்பதையும் எம் மைத்துனன் ஒளிக்கவில்லை. ஆயினும் குறை யாது? சோதிக்க வல்லவர் எவரோ அவர் போலி செய்யவும் வல்லவர் ஆகிறார். நூறு பரிசோதகர்க்குச் சீட்டுச் சோதிக்கும் உரிமை கொடுக்கச் சீட்டு அச்சிடும் பொறியையே நூறு படி எடுத்துக் கொடுப்பது போன்றது இது. நூறு பேரும் நல்லவராயினும், ஒருவர் பெட்டி களவு போனால் நூறு பேர் மேலும் ஐயம் விழும்.

மூன்றாம் வழி இக்குறையைத் தீர்க்கிறது. இதில் சாவிகள் இரண்டு. ஒன்று மறைசாவி, வழங்குபவர் ஒருவரிடம் மட்டுமே இருக்கும், முத்திரையிடுவது அது. மற்றொன்று பொதுச்சாவி, யார்க்கும் கொடுக்கலாம், சுவரில் எழுதியும் வைக்கலாம். முத்திரை மெய்யா என்று அதனால் காண முடியும், முத்திரையிட முடியாது.

இது எவ்வாறு கூடும் என்று எண்ணுவீர். 89ஐ 97ஆல் பெருக்குக என்றால் பள்ளிச் சிறுவனும் 8633 என்பான். 8633 எந்த இரு எண்களின் பெருக்கம் என்று கேட்டால் பெரியவர்க்கும் நேரம் பிடிக்கும். பெருக்கிய எண் 617 இலக்கம் கொண்டதானால், இன்றைய கணினிகளைக் கொண்டு அதைப் பகுத்துக் காண நடைமுறையில் இயலாது. பெருக்கிய எண்ணை ஊரறியச் சொல்லலாம். அதைப் பிறப்பித்த இரு எண்களை மட்டும் மறைத்தால் போதும். 1976இல் அமெரிக்காவில் டிஃபி, ஹெல்மன் என்னும் இருவர் இரு சாவி முறையின் கருத்தை வெளியிட்டனர். 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்னும் மூவர் மேற்சொன்ன பெருக்கல் வழியைக் கண்டனர். அவர்தம் பெயர் முதலெழுத்துகளால் அது ஆர்.எஸ்.ஏ. எனப்படுகிறது. பிரிட்டிஷ் அரசின் உளவுத்துறைக் கணிதர்கள் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இதைக் கண்டிருந்தனர் என்பது 1997இல்தான் வெளிவந்தது.

முத்திரை இடும் முறையையும் சொல்லிவிடுகிறோம். சீட்டில் எழுதிய அனைத்தையும் பிழிந்து ஒரு சுருக்க எண் எடுப்பர். ஓர் எழுத்து மாறினாலும் அச்சுருக்க எண் முற்றிலும் மாறிவிடும். அந்த எண்ணின் மீது மறைசாவியால் முத்திரை வைப்பர். ஆகவே பிறர் சீட்டில் பெயரை மட்டும் மாற்றித் தன் பெயர் எழுதினால் முத்திரை ஒவ்வாது.

நிற்க. ஆதார் அட்டையின் க்யூ.ஆர். கட்டத்துள் இருப்பதும் இதுவே. பெயர், முகவரி, பிறந்த நாள், சிறு புகைப்படம், ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் ஆகியவற்றோடு, ஆதார் ஆணையத்தின் 2048 பிட் ஆர்.எஸ்.ஏ. முத்திரையும் அதில் அடங்கியுள்ளது. ஆணையத்தின் பொதுச்சாவி செயலியினுள் உள்ளது. அதனால்தான் இணைப்பற்ற கட்டடத்துள்ளும் அந்த மூத்த எழுத்தரின் கைபேசி விடை கூறிற்று. இவ்வாறு தலைமைப் பதிவேட்டைக் கேளாமல் சரிபார்ப்பதற்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இடமளித்தது. இரு சாவி முத்திரைக்குக் கையொப்பத்தின் மதிப்பையே நம் நாட்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ஆம் ஆண்டில் தந்துவிட்டது.

இதில் மற்றொரு நன்மையும் உண்டு. தலைமைப் பதிவேட்டைக் கேட்கும் வழியில், நாம் எந்த நாள், எந்த வாயில் வழியே அடையாளம் காட்டினோம் என்ற குறிப்பு அங்கே ஏறும். முத்திரையைப் பார்க்கும் வழியில் நம் நடமாட்டத்தை அங்கே எழுதுவார் இல்லை. ஊர் ஊராகச் செல்லும் குடும்பங்களுக்கு இது சிறு நன்மையன்று.

இனி விரைவு பற்றி. தொலைவிலுள்ள பதிவேட்டை ஒருமுறை கேட்டு விடை பெற நூற்றில் சில பங்கு நொடி ஆகும். ஆர்.எஸ்.ஏ. முத்திரையைச் சோதிக்க இலட்சத்தில் சில பங்கு நொடி போதும். முத்திரையிடுவதற்குச் சோதிப்பதைப் போலப் பன்மடங்கு நேரம் செல்லும். ஆனால் பயனர் நுழையும்போது ஒருமுறை முத்திரையிட்டால், அதன்பின் நூறு பக்கங்களில் நூறு முறை சோதிப்பதே நடக்கிறது. நீள்வட்ட வளைகோட்டுக் கணிதம் என்ற பிற்கால முறையில் முத்திரையும் சிறிது, ஆர்.எஸ்.ஏ. முத்திரை 256 பைட் எனில் இது 64 பைட் அளவே. இத்தகைய டோக்கன் எழுதும் முறைக்கு 2015இல் பொது நியமம் வகுக்கப்பட்டது; இன்று எண்ணிறந்த செயலிகள் அதன்படி நடக்கின்றன.

குறையே இல்லையா என்பீராயின், உண்டு. அவற்றை மறைத்தால் எழுத்தரின் நேர்மைக்கு இழுக்கு.

முதற்குறை, கொடுத்த சீட்டைத் திரும்பப் பெறுதல் அரிது. தலைமைப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டாலும், முத்திரையிட்ட சீட்டு வெளியே உலவிக்கொண்டிருக்கும். சோதிப்பவர் யாரையும் கேளாதவராதலின் அதை ஏற்பார். ஆகவே செயலிகளில் டோக்கனுக்குச் சில நிமிடங்களே ஆயுள் தந்து, மீண்டும் மீண்டும் புதுப்பிக்கின்றனர். பயணச் சீட்டுக்கு நாள் குறிப்பது போன்றதே இது. ஆதார் அட்டையிலும் இதே நிலை: முகவரி மாறிய பின்னும் பழைய அட்டையின் முத்திரை சரியென்றே காட்டும். முத்திரை, ‘அன்று இவ்வாறு எழுதிக் கொடுத்தோம்’ என்று மட்டுமே சான்று பகரும்.

இரண்டாங்குறை, சோதிப்பவரின் கவனக்குறைவு. 2015இல் சில டோக்கன் மென்பொருள்களில் ஒரு பிழை வெளிப்பட்டது. எந்த முறைப்படி சோதிக்க வேண்டும் என்பதை டோக்கனே தன் தலைப்பில் சொல்லும். ‘முத்திரை ஏதும் இல்லை’ என்று அதில் எழுதி நீட்டினால், அம்மென்பொருள்கள் அதையும் நம்பி ஏற்றன! பயணி தன் சீட்டின் மேல் ‘இதைச் சோதிக்க வேண்டியதில்லை’ என்று எழுதிக்கொடுக்க, பரிசோதகர் வணங்கி வழிவிட்டது போலாயிற்று. எதை எவ்வாறு சோதிப்பது என்பதைச் சோதிப்பவரே முன்கூட்டி முடிவு செய்திருக்க வேண்டும்.

மூன்றாவது, எல்லாவற்றினும் பெரியது: மறைசாவி களவு போதல். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் முத்திரைச் சாவியொன்று சீனாவைச் சார்ந்த ஊடுருவல் கூட்டத்தார் கையில் சிக்கியிருந்தது 2023இல் தெரியவந்தது. அது 2016இல் உண்டாக்கிய பழைய சாவி. அதைக்கொண்டு அவர்கள் போலி டோக்கன்களுக்கு முத்திரையிட்டு, 20க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் மின்னஞ்சல்களைப் படித்தனர். அமெரிக்க வெளியுறவுத் துறை அதனுள் அகப்பட்டது. களவை முதலில் கண்டுணர்ந்ததும் அத்துறையே. முத்திரை மெய்யாக இருந்தமையால் வாயில்கள் யாவும் திறந்தன. மறைசாவியைக் காப்பதும், குறித்த காலத்தில் மாற்றுவதும், பழையதை ஒழிப்பதும் இம்முறைக்கு உயிர்நாடி.

பொதுச்சாவியைப் பற்றியும் ஒரு சொல். அது யார்க்கும் தெரியலாம். ஆனால் அது இன்னாருடையதே என்பது ஐயமற இருக்க வேண்டும். எம் ஊர் மலையின் மூக்குப் போன்ற சிகரத்தைக் கடலிலிருந்து கண்டு, கரை இதுவென மாலுமிகள் அறிந்தனர். எல்லோரும் காணலாம், ஒருவரும் நகர்த்த முடியாது. அதனால் அது நல்ல அடையாளமாயிற்று. கள்வன் தன் பொதுச்சாவியை அரசினுடையது என்று நம்பவைத்துவிட்டால் அத்தனை கணிதமும் வீண்.

அயல்நாடு செல்வோர் இதை நன்கு உணர வேண்டும். நம் நாட்டில் 2024 ஏப்ரல் முதல் சோதனை முறையில் தொடங்கிய மின்னணுக் கடவுச்சீட்டில் சிறு சில்லு உள்ளது. சென்னை அலுவலகம் 2025 மார்ச்சில் அதை வழங்கத் தொடங்கிற்று. சில்லினுள் உள்ள விவரங்களுக்கு நம் அரசின் முத்திரை உண்டு. அயல்நாட்டு விமான நிலைய அதிகாரி அம்முத்திரையைச் சோதிக்க வேண்டுமானால், நம் அரசின் பொதுச்சாவி நம்பத்தக்க வழியில் அவரிடம் சேர்ந்திருக்க வேண்டும். பழைய கடவுச்சீட்டு வைத்திருப்போர் பதற வேண்டியதில்லை. அதன் காலம் முடியும் வரை அது செல்லும்.

இனி நம் குடும்பங்கள் செய்ய வேண்டுவன சில. க்யூ.ஆர். கட்டம் அச்சிட்டிருப்பதாலேயே அட்டை மெய்யாகிவிடாது. கட்டத்தையும் யாரும் வரைந்து ஒட்டலாம். வீட்டுக்கு ஆள் வைக்கும்போதும், வாடகைக்கு விடும்போதும், ஆணையத்தின் செயலியால் முத்திரையைச் சோதித்து, திரையில் வரும் படத்தை எதிரில் நிற்பவர் முகத்தோடு ஒப்பிடுக. அட்டையில் அச்சிட்டதைப் படிப்பது சோதனையாகாது. முகத்தைப் பாராமல் முத்திரையை மட்டும் பார்ப்பதும் பாதிச் சோதனையே. அட்டை மெய்யாக இருந்து ஆள் வேறாகவும் இருக்கலாம்.

கடல் கடப்போர், தம் எண்ணில் பிள்ளைகளின் ஆதாரையும் பதிந்திருந்தால், புறப்படுமுன் ஊரில் இருப்பவர் எண்ணுக்கு மாற்றிச் செல்க. 2025 ஜூலை முதல் தட்கல் சீட்டை இணையவழி எடுக்கவும் ஆதார் சரிபார்ப்பு வேண்டியதாயிற்று, இவ்வழியில் ஓ.டி.பி. வரும் எண் உயிரோடிருத்தல் இன்றியமையாதது. ஓ.டி.பி. தவறிய இடத்தில், க்யூ.ஆர். கட்டத்தை இணைப்பின்றிச் சோதிக்கலாமே என்று பணிவோடு கேளுங்கள். மேசையின் பின் இருப்பவர் அவ்வழி ஒன்று இருப்பதையே அறியாதிருக்கலாம். எம்மோடு வந்த பெண்ணுக்கு அன்று மூத்த எழுத்தர் ஒருவர் அறிந்திருந்தார். எல்லா மேசைகளிலும் அத்தகையோர் இரார்.

அப்பெண் இப்போது வேலையில் நிலைத்துவிட்டாள். சென்ற மாதச் சம்பளத்தில் தாயாருக்கு ஒரு கைபேசி வாங்கி அனுப்பியிருக்கிறாள். அந்த எண்ணையே ஆதாரில் பதியச் சேவை மையத்துக்கு வரும் ஞாயிறு எம்மைத் துணைக்கு அழைத்திருக்கிறார் அம்மையார். ஞாயிறன்று மையம் திறந்திருக்குமா என்று முதலில் விசாரிக்க வேண்டும். அடுத்த திங்கள் மீண்டும் சந்திப்போம்.